எரிபொருள் அச்சப் பிரிவு

எண்ணெய் விலை இறங்கிக்கொண்டே இருந்தது, விமான டிக்கெட் விலை ஏறிக்கொண்டே இருந்தது. இது எப்படி நடக்கும் என்று திரைச்சீலை தைக்கும் அந்தப் பெண்ணுக்குப் புரியவே இல்லை.

அவள் தொழிலில் இப்படி நடப்பதில்லை. துணி விலை இறங்கினால் திரையின் விலையும் இறங்கும். தைப்பவர் கொஞ்சம் தாமதமாக இறக்கலாம், இடையில் நாலு காசு பார்த்துக்கொள்ளலாம். அது உலக வழக்கம். ஆனால் துணி மலிந்துவிட்டது என்று சொல்லித் திரையின் விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொள்வார்.

அவள் கணவர் ஒரு ஹோட்டலில் பாய்லர் பார்ப்பவர். எரிபொருள் விஷயத்தில் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"டீசல் இறங்கினா எங்க ஹோட்டல்ல வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வரும். ஏறினா வெதுவெதுன்னு வரும். அவ்வளவுதான் கணக்கு. பிளேன் என்ன பெரிய பிளேன்? அது பறக்கிற பாய்லர்" என்றார்.

எனவே தினமும் செய்தி கேட்டுவிட்டு, "எண்ணெய் இன்னிக்கும் இறங்கியிருக்கு. அவசரப்படாதே, நாளைக்கு டிக்கெட்டும் இறங்கும்" என்பார். பிறகு செல்போனை எடுத்து டிக்கெட் விலையைப் பார்ப்பார். நம்பாமல் இன்னொரு தடவை பார்ப்பார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்ப்பார்.

அவளுக்குப் பணத்தை ஜன்னல் கணக்கில் எண்ணித்தான் பழக்கம். முதலில் பார்த்தபோது அந்த டிக்கெட் ஒரு நடுத்தர வீட்டின் எல்லா ஜன்னல்களுக்கும் திரை தைத்தால் கிடைக்கும் கூலியாக இருந்தது. எண்ணெய் இறங்கியது, டிக்கெட் மாடி வைத்த வீடாகியது. எண்ணெய் இன்னும் இறங்கியது, டிக்கெட் ஒரு கல்யாண மண்டபம் ஆகிவிட்டது.

நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட அவளிடம் நாள் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், கப்பல் கட்டும் தளத்து கேன்டீனில் சமைக்கும் அவள் தங்கைக்குக் கழுத்தில் ஒரு கட்டி. வெளியே தெரிவது எலுமிச்சை அளவு. உள்ளே வளர்ந்திருப்பது மூச்சுக்குழாயை ஒரு பக்கமாக நெரித்துக்கொண்டிருந்தது. தங்கை இப்போது படுத்துத் தூங்குவதில்லை, உட்கார்ந்தே தூங்கினாள். போனில் பேசினால் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. அது மூச்சு உள்ளே போகும் சத்தம்.

ஏற்கனவே ஒரு தடவை ஆபரேஷனுக்கு அழைத்துப் போனார்கள். தங்கை ஸ்ட்ரெச்சரிலிருந்து குதித்து, ஆஸ்பத்திரி அங்கியோடு தெருவுக்கு ஓடி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்கவில்லை. கேன்டீன் வாசலில் இறங்கி, அங்கியோடே போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நீ வந்து கையைப் பிடிச்சாத்தான் உள்ள போவேன். இல்லாட்டி திரும்பவும் ஓடுவேன். என் கால் என் பேச்சைக் கேக்காதுக்கா" என்றாள். விசில்.

இந்த வாரக் கடைசியில் மறுபடியும் நாள் குறித்திருந்தார்கள். அதையும் விட்டால் கட்டி காத்திருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஊருக்கு நேராகப் போகும் விமானம் அதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான். இவள் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு, அந்த விமான கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே நேரில் கிளம்பினாள்.

*

கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் ஒரு கவுண்டர், அதில் கழுத்தில் பட்டுத்துணி முடிந்த ஒரு பெண்.

"சொல்லுங்க மேடம். எதுக்காகப் பயணம்?"

"தங்கச்சிக்கு ஆபரேஷன்மா. நான் போகலைன்னா ஓடிடுவா."

"அடடா" என்றாள் கவுண்டர் பெண். முகம் உண்மையிலேயே வாடிப்போனது. வாடிய முகத்தோடே எதையோ தட்டச்சு செய்தாள். எதிரில் இருந்த திரையில் டிக்கெட் விலை ஒரு ஜன்னல் ஏறியது.

"அம்மாடி, எண்ணெய் விலை இறங்குதே. டிக்கெட் ஏன் ஏறுது?"

கவுண்டர் பெண் பொறுமையாக விளக்கினாள். டிக்கெட்டில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று இருக்கையின் விலை. இன்னொன்று எரிபொருள் கூடுதல் கட்டணம். எண்ணெய் விலை மாறும்போதெல்லாம் முழு டிக்கெட்டையும் மாற்றாமல், இந்த இரண்டாவது பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

"எண்ணெய் ஏறினா அது உடனே ஏறும் மேடம்."

"இறங்கினா?"

"பரிசீலிப்போம்."

"எப்ப?"

"எண்ணெய் திரும்ப ஏறினதுக்கு அப்புறம். அப்பத்தான் முழு விவரமும் கையில இருக்கும்."

"இப்ப இறங்கிட்டுத்தானேம்மா இருக்கு?"

கவுண்டர் பெண் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அதான் மேடம் எல்லாருக்கும் பயமா இருக்கு. மேல போங்க. எரிபொருள் அச்சப் பிரிவுல சொல்லுவாங்க."

*

அச்சப் பிரிவு ஏன் இருக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது வெறும் பைத்தியக்காரத்தனம் அல்ல. அதன் அடியில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஒரு விமானத்தைப் பறக்க வைக்கும் செலவில் பெரிய பங்கு எரிபொருளுக்குப் போகிறது. ஆனால் டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னதாகவே விற்றுவிடுகிறார்கள். எரிபொருளை நிரப்புவதோ பறக்கும் அன்று. ஆகவே இன்று டிக்கெட் விற்பவர், அன்று எண்ணெய் என்ன விலை இருக்கும் என்று இன்றே ஊகித்தாக வேண்டும். குறைவாக ஊகித்தால் நஷ்டம் கம்பெனிக்கு. அதிகமாக ஊகித்தால் நஷ்டம் பயணிக்கு. இந்த இரண்டில் எது மேல் என்று கம்பெனி கூடி யோசித்தபோது, கூட்டத்துக்குப் பயணிகள் யாரையும் அழைத்திருக்கவில்லை.

ஊகம் என்று வாசலில் எழுதிப் போட அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. அச்சம் என்று எழுதினார்கள்.

அது நீளமான கூடம். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் இடுப்புப் பட்டி. ஊழியர்கள் பட்டியை மாட்டிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். முன்சுவரில் பெரிய வட்ட முகப்பு, அதில் ஒரு முள். முள்ளின் பின்னாலிருந்து ஒரு ஒயர் சுவரைத் துளைத்துக்கொண்டு டிக்கெட் விற்கும் கம்ப்யூட்டர்கள் இருக்கும் அறைக்குப் போனது.

தலைமை அச்ச அலுவலர் மெலிந்த மனிதர். நகமே இல்லாத விரல்களால் அவளை ஓரமாக உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் எழுந்து உலகச் செய்திகளை வாசித்தார்.

"பாலைவனத்தில் ஓர் எண்ணெய்க் கிணற்றின் காவலாளிக்குக் காய்ச்சல்."

"ஐயோ" என்றது கூடம். முள் லேசாக நகர்ந்தது.

"நடுக்கடலில் எண்ணெய்க் கப்பல் ஒன்றின் மாலுமி கப்பலின் பெயர் தனக்குப் பிடிக்கவில்லை என்று மனைவியிடம் கூறியுள்ளார்."

"ஐயையோ." முள் ஏறியது.

"சந்தையில் எண்ணெய் விலை இன்றும் இறங்கியது."

கூடமே பட்டியைப் பிடித்துக்கொண்டு அலறியது. பின்வரிசையில் ஒருவர் மயங்கிச் சாய்ந்தார். பக்கத்திலிருந்தவர்கள் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

"பதவி உயர்வுக்கு நிக்கிறார்" என்று தலைமை அலுவலர் அவளிடம் முணுமுணுத்தார்.

"இறங்கினா நல்லதுதானே சார்? எதுக்கு அலறுறாங்க?"

"அம்மா, ஏறும்போது எங்களுக்கு ஒரே ஒரு பயம். இன்னும் எவ்வளவு ஏறும்னு. இறங்கும்போது ரெண்டு பயம். ஏன் இறங்குதுன்னு ஒண்ணு, எப்ப ஏறும்னு ஒண்ணு. அதுவும் எவ்வளவு கீழ போகுதோ, மேல ஏற அவ்வளவு இடம் கிடைச்சிடுது பாருங்க."

"ஏறாம இறங்காம ஒரே இடத்துல நின்னா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அதைப் பத்திப் பேசாதீங்க. போன வருஷம் ஒரு வாரம் அப்படி நின்னுச்சு. என்ன திட்டம் போடுதுன்னே தெரியலை. எங்க ஆளுங்க பாதிப் பேர் வீட்டுக்கே போகலை."

"யாரும் பயப்படாம இருந்தா டிக்கெட் இறங்குமா சார்?"

"இறங்கியிருக்கு, ஒரு தடவை. ஒருத்தர் கூட்டத்துல சிரிச்சுட்டார். பக்கத்துல இருந்தவன் ஏதோ ஜோக் சொல்லியிருக்கான். முள் கீழ விழுந்து, ரெண்டு ஊருக்கு மலிவா டிக்கெட் போயிடுச்சு. இப்ப அவர் சரக்குக் கிடங்குல பெட்டி தூக்குறார். ஜோக் சொன்னவன் தலைமறைவு." பெருமூச்சு விட்டுவிட்டு, "அது போகட்டும். நீங்க எதுக்குப் பயணம் போறீங்க?" என்றார்.

அவளுக்கு உள்ளே எதுவோ, சொல்லாதே என்றது. ஆனால் அவர் கண்களில் அவ்வளவு கனிவு. சொல்லிவிட்டாள். எலுமிச்சை அளவுக் கட்டி, மூச்சுக்குழாய், விசில், பஸ், வெங்காயம் எல்லாவற்றையும் சொன்னாள். கூடம் முழுவதும் காது கொடுத்துக் கேட்டது. நல்ல மனிதர்கள். எல்லோருக்கும் அக்கா தங்கை இருந்தார்கள். அவள் முடித்ததும் அத்தனை பேரும் ஒரே குரலில், அடிவயிற்றிலிருந்து, "ஐயோ பாவமே!" என்றார்கள்.

முள் முகப்பின் விளிம்பில் போய் டங்கென்று இடித்தது.

"சார்" என்றார் ஓர் ஊழியர் நடுங்கும் குரலில், "எல்லா ஊருக்கும் ஏறிடுச்சு."

*

அவளை முன்கொள்முதல் அறைக்கு அனுப்பினார்கள். போகும் வழியில் போன் அடித்தது.

"அக்கா, கீழ்த்தளத்துல ரூம் குடுத்திருக்காங்க. ஜன்னலுக்குக் கம்பியே இல்லக்கா." விசில். "சும்மா பார்த்தேன்."

"ஜன்னல் பக்கம் போகாதடி! கட்டில்ல உட்காரு. நான் வந்துட்டே இருக்கேன்."

"டிக்கெட் வாங்கிட்டியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் போனை யாரோ வாங்கினார்கள். நர்ஸ்.

"நீங்கதான் அக்காவா? சீக்கிரம் வாங்கம்மா. செருப்பைப் பிடுங்கி வச்சிருக்கோம். ஆனா போன தடவையும் வெறுங்காலோடதான் ஓடினாங்களாம். நேத்துப் பேசுறப்போ இருந்ததைவிட இன்னிக்கு மூச்சு சத்தம் கூடியிருக்கு. அவங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு வெளிய வந்து சொல்றேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாழ்வாரத்தில் அந்தப் பக்கம் போன ஒரு அலுவலர் அக்கறையோடு, "என்னம்மா, ஏதாவது அவசரமா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் கையிலிருந்த கருவியில் எதையோ தட்டிவிட்டுப் போனார்.

முன்கொள்முதல் அறையில் கண்கள் வீங்கிய ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் வேலை, நாளை வேண்டிய எண்ணெய்க்கு இன்றே விலை பேசி முடிப்பது. இதுவும் புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். கல்யாணத்துக்குச் சமையல்காரரை ஒரு வருடம் முன்னதாகவே பேசி முடித்துவிட்டால், இடையில் கூலி எவ்வளவு ஏறினாலும் நமக்குக் கவலை இல்லை அல்லவா? அதே முறை. ஒரே ஒரு சங்கடம், கூலி இறங்கினாலும் பேசியதைத்தான் கொடுக்க வேண்டும்.

"போன வருஷம் எல்லாரும் ரொம்பப் பயந்திருந்தோம் மேடம். அந்தப் பயத்துல, இந்த வருஷத்துக்கான எண்ணெய் முழுக்க உச்சி விலைக்குப் பேசி முடிச்சுட்டேன். மறுநாள்லேர்ந்து இறங்க ஆரம்பிச்சது." மூக்கை உறிஞ்சினார். "இப்ப மத்த கம்பெனி விமானமெல்லாம் மலிவு எண்ணெய்ல பறக்குது. நாங்க மட்டும் போன வருஷப் பயத்துல பறக்குறோம்."

"அதனாலதான் டிக்கெட் ஏறுதா?"

"எண்ணெய் எவ்வளவு இறங்குதோ அவ்வளவு எங்களுக்கு வயிறு எரியுது. அதை யாராவது கட்டணுமே மேடம்."

அவள் யோசித்தாள். "சரி சார். ஒருவேளை எண்ணெய் ஏறியிருந்தா? நீங்க மலிவா வாங்கி வச்ச மாதிரி ஆகியிருக்கும். அப்ப டிக்கெட் இறங்கியிருக்குமா?"

அழுதுகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

"எதுக்கு இறங்கணும்? சந்தையில விலை ஏறியிருக்கே!"

*

எடைக் குறைப்புப் பிரிவை அவள் தேடிப் போகவில்லை. மாடிப்படிக்கு வழி அதன் வழியாகத்தான். உள்ளே நுழைந்தவுடன் தரையே தராசாக இருந்தது. தலைக்கு மேல் அவள் எடை ஒளிர்ந்தது.

"பயணியா? வாங்க, வாங்க!" என்று ஓடிவந்தார் அந்தப் பிரிவின் அதிகாரி. தன் வேலையைக் காதலிக்கும் மனிதர். "ஒரு அதிசயம் சொல்லவா? விமானம் எரிபொருளைச் சுமக்குது. அந்த எரிபொருளுக்கும் எடை இருக்கு. அதைச் சுமக்கவும் எரிபொருள் வேணும். அந்த எரிபொருளையும் யார் சுமக்கிறது? அதே விமானம்தான்! அதனால ஒரு சின்னப் பொருளை இறக்கினாலும் ரெண்டு மடங்கு சந்தோஷம். போர்வை ஓரத்துக் குஞ்சத்தை வெட்டினோம். சாப்பாட்டுக் கரண்டியில ஓட்டை போட்டோம். குழம்பை யாரும் பாராட்டலை, ஆனா எடை குறைஞ்சது. உயிர்காக்கும் அங்கியில ஒரு விசில் இருக்கும் பாருங்க, அதையும் எடுத்துட்டோம்."

"அது... கடல்ல விழுந்தா ஊதறதுக்குத்தானே சார்?"

"கத்த மாட்டீங்களா? வாய் இருக்குல்ல? அது உங்க சொந்த எடை."

விசில் என்றதும் அவளுக்குத் தங்கையின் மூச்சு காதில் கேட்டது. கண் நிறைந்துவிட்டது.

"அழுங்க, அழுங்க" என்று உற்சாகப்படுத்தினார் அதிகாரி. "கண்ணீரும் எடைதான். ஏறுறதுக்கு முன்னாடி அழுது முடிச்சுட்டா ரொம்ப நல்லது. வழியனுப்புற கூடத்துல அதுக்குன்னே சோகப் பாட்டுப் போட்டிருக்கோம். ஆமா, எதுக்காகப் பயணம்?"

இந்தத் தடவை அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் அழுதுகொண்டிருந்தாளே. அவர் அதைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினார். பிறகு அவருக்கு ஒரு போன் வந்தது, பேசினார், வைத்தார், மரியாதையோடு எழுந்து நின்றார்.

"மேலாண்மை இயக்குநர் உங்களைப் பார்க்கணுமாம்."

*

இயக்குநரின் அறை உச்சி மாடியில், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அவர் எழுந்து வந்து இரு கைகளாலும் அவள் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"இன்னிக்குக் காலையிலேர்ந்து இந்தக் கட்டடத்துல விலையை ரொம்ப ஏத்தினவர் நீங்கதான்னு சொன்னாங்க. ஒரு சாதாரணப் பயணி! நேர்ல பார்க்காம இருக்க முடியலை."

மேசை மீதிருந்த திரையை அவள் பக்கம் திருப்பினார். டிக்கெட் விலை கல்யாண மண்டபத்தைத் தாண்டி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அத்தனை ஜன்னல்களும் கட்டில் மறைப்புகளும் சேர்ந்த கூலி ஆகியிருந்தது. அவள் ஆயுள் முழுக்கத் தைத்தாலும் அவ்வளவு தைக்க முடியாது.

"சார், நான் என்ன சார் பண்ணினேன்? விலைதானே கேட்டேன்?"

"அதேதான்!" இயக்குநர் மேசையைத் தட்டினார். "எண்ணெய் விலையால டிக்கெட் ஏறுதுன்னு ஜனங்க நினைக்கிறாங்க. பாதி உண்மை. எங்க பயத்தை நாங்க எண்ணெய் விலையை வச்சு அளக்கிறோம். சரி, உங்க பயத்தை எப்படி அளக்கிறது? நீங்க எத்தனை தடவை விலை பார்க்கிறீங்கன்னு கவனிக்கிறோம். சும்மா ஊர் சுத்தப் போறவன் ஒரு தடவை பார்ப்பான், போயிடுவான். பயந்தவன் திரும்பத் திரும்பப் பார்ப்பான். உங்க வீட்லேர்ந்து தினம் ஒருத்தர் விடாம பார்த்திருக்கார். அருமையான மனுஷன்!"

அவளுக்குக் கண்ணாடி துடைக்கும் தன் கணவர் நினைவுக்கு வந்தார்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தப் பொண்ணுக்கு மூச்சு அடைக்குது சார். பழைய விலைக்கே ஒரு டிக்கெட் குடுங்க."

"எனக்கு மட்டும் மனசு இல்லையாம்மா? நான் பயணிகளுக்காகவே வாழ்றவன். ஆனா இரக்கத்தை விலைக்குள்ள கொண்டுவந்தா இரக்கத்துக்கே மதிப்பில்லாம போயிடும். அதனால ரெண்டையும் தனித்தனியா வச்சிருக்கோம். இரக்கம் இலவசம். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க." கண்ணாடிச் சுவர் பக்கம் கையை வீசினார். "எங்களை மாதிரி யாராவது உங்க தங்கச்சிக்காக ஒரு கூடமே அலறியிருக்குமா? எதிர்ல பாருங்க, அந்தச் சின்னக் கம்பெனி. அங்க அச்சப் பிரிவே கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் விலையைப் பார்ப்பாங்க. ஒரு தொகையைப் போடுவாங்க. அப்புறம் தூங்கிடுவாங்க. பயம்னா என்னன்னே தெரியாத ஜென்மங்க."

தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய கட்டடம். கீழ்த்தளத்தில் ஒற்றைக் கவுண்டர்.

"அவங்க பிளேன் எங்க தங்கச்சி ஊருக்குப் போகுமா சார்?" என்று கேட்டாள். கேட்கும்போதே, இதற்கும் விலை ஏறுமோ என்று அவள் பயந்தாள்.

இயக்குநர் சிரித்தார். "அவங்ககிட்ட அவ்வளவு விமானம் ஏதும்மா? எங்க விமானத்துலதான் பின்னாடி கொஞ்சம் இருக்கையை மொத்தமா வாங்கிக்கிறாங்க. அதுக்கு அவங்க பேர்ல ஒரு விமான நம்பரை ஒட்டி, அவங்க போட்ட கட்டணத்துல விக்கிறாங்க. பாவம், பொழைச்சுப் போகட்டும்னு விட்டிருக்கோம்."

"அப்ப... அதே பிளேனா?"

"அதே பிளேன். அதே பைலட். அதே எண்ணெய். ஆனா கௌரவம்னு ஒண்ணு இருக்கே!" அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒரு விமான கம்பெனியைத் தாங்கிப் பிடிக்கிறது இறக்கையா? இல்லை. எஞ்சினா? இல்லை..."

எது தாங்கிப் பிடிக்கிறது என்று அவர் வெகுநேரம் விளக்கினார். கேட்க நாற்காலி மட்டும்தான் இருந்தது.

*

லிஃப்ட் வாசலில் 'ஏறுவதற்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. இறங்குவது பரிசீலனையில் இருந்தது. அவள் படிகளில் ஓடினாள். அச்சப் பிரிவைக் கடக்கும்போது தலைமை அலுவலர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஏதாவது கெட்ட செய்தியா?" என்று ஆவலோடு கேட்டார். அவள் பல்லைக் காட்டிச் சிரித்தாள். அவர் பதறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஓடியே தெருவைக் கடந்தாள். இடம் தீர்ந்திருக்கும். இல்லையென்றால் அந்தக் கவுண்டர் ஆளும் எதற்குப் பயணம் என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது?

சின்னக் கம்பெனியின் கவுண்டரில் ஒரு ஆள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எந்த ஊரு? என்னிக்கு?"

சொன்னாள். அவர் தட்டிப் பார்த்தார். அவள் அடுத்த கேள்விக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பின்னாடி வரிசை, பாத்ரூமுக்குப் பக்கத்துல. பரவாயில்லையா?"

"பரவாயில்லை."

அவர் விலையைச் சொன்னார். நடுத்தர வீடு. மாடிகூட இல்லை.

"எதுக்குப் போறேன்னு கேக்கலையே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"எனக்கெதுக்கும்மா அது?" என்றார் அவர். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, மறுபடியும் டிபன் பாக்ஸிடம் போனார்.

*

விமானத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஆஸ்பத்திரி விலை கொடுத்தவர்கள், மண்டப விலை கொடுத்தவர்கள். யாரும் கண் மூடவில்லை. பின்னால் பாத்ரூம் ஓரத்தில் இருந்தவர்கள் குறட்டை விட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் போய் இறங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் தங்கை வெறுங்காலோடு ஜன்னல் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு கால் ஏற்கனவே ஜன்னல் விளிம்பில் இருந்தது.

"இறங்குடி கீழ."

"சும்மா காத்து வாங்கினேன்க்கா." விசில் இப்போது வாக்கியத்தின் நடுவிலும் வந்தது.

அக்கா போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வருடக்கணக்கில் துணி வெட்டிய கை, பிடித்தால் விடாது. ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது கூடவே நடந்தாள். ஆபரேஷன் அறை வாசலில் தங்கையின் கால்கள் இரண்டும் போர்வைக்குள் துடித்தன.

"அக்கா, உனக்குப் பயமா இல்லையா?"

"செத்துக்கிட்டிருக்கேன்டி. பேசாம படு."

அதைக் கேட்டதும் தங்கைக்கு என்னவோ நிம்மதி. மயக்க ஊசி போடும் டாக்டர், கண் மூடும்வரை அக்கா உள்ளே நிற்கலாம் என்றார். கண் மூடியது. கை தானாகத் தளர்ந்தது. அக்காவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அதன் பிறகு அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து பயப்படுவது மட்டும்தான். அந்தப் பயத்தை யாரும் அளக்கவில்லை.

கதவு திறந்தபோது டாக்டர் முதலில் முகமூடியை இறக்கினார், பிறகு தலையை ஆட்டினார். நல்லபடியான ஆட்டல். உள்ளே தங்கை மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா குனிந்து காதை வைத்துக் கேட்டாள். காற்று சத்தமில்லாமல் போய் வந்தது.

கணவருக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நானும் வந்து பார்த்துட்டு, உங்க ரெண்டு பேருக்கும் ஒத்தாசையா இருந்து கூட்டிட்டு வரேன். எண்ணெய் இன்னிக்கு நல்லா இறங்கியிருக்கு. இரு, டிக்கெட் விலை பார்க்கிறேன்."

"பார்க்காதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்றதை மட்டும் கேளுங்க. எந்த பிளேன்ல ஏறணும்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. அதே பிளேன்ல வேற எந்தக் கம்பெனி சீட்டு விக்குதுன்னு கேளுங்க. யார் எண்ணெய்க்குக் குறைவாப் போடறாங்களோ அவங்க கவுண்டருக்குப் போய், ஒரே ஒரு தடவை விலை கேட்டு, உடனே வாங்கிடுங்க. எதுக்குப் போறீங்கன்னு யாராவது கேட்டா, சும்மான்னு சொல்லுங்க."